தலைவர் கக்கிய சாப்பாடு

மிருகக்காட்சிசாலையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஓநாயக்காதான். ஒரு காலத்தில் நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். பழைய மேலாளர் உரையாற்றும்போது மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கொட்டாவி விட்டதற்காக ஓநாய்ப் பக்கம் தூக்கி அடித்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே போனவள், அந்த நீளக் கால்களையும் தட்டு போன்ற பாதங்களையும் பார்த்துச் சொக்கிப்போய் அங்கேயே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டாள்.

புது மேலாளர் மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்குப் போய்வந்த கையோடு அலுவலகம் மொத்தத்தையும் ஓநாய் வேலிக்குக் கூட்டிவந்தார்.

“கூட்டத்துக்கு ஒரே தலைவன். அடிச்சுப் பிடிச்சு மேல வந்தவன். உறுமினா அத்தனையும் அடங்கும். தலைவனைக் காட்டும்மா.”

“அந்தச் சாம்பல் நிறம் சார். அப்பா.”

“அப்பாவா?”

“ஆமா சார். அது அம்மா, மத்ததெல்லாம் பெத்த பிள்ளைங்க. இங்க யாரும் சண்டை போட்டுப் பதவிக்கு வரல, குடும்பம் நடத்தி வந்தாங்க.”

அப்பாவுக்கு இறைச்சி போட்டுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. குட்டிகள் பாய்ந்து வந்து அதன் வாயை நக்கின. அது முதுகை வளைத்துத் தின்றதையெல்லாம் கக்கியது.

“ஐயோ, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல சார், பிள்ளைங்களுக்குச் சாப்பாடு. தலைவரோட வேலையே இதுதான்.”

“அப்ப எங்களுக்கு எப்போ சார்?” என்றாள் தட்டச்சுக்காரி. எழுந்த சிரிப்பில் வேலியே குலுங்கியது.

மேலாளர் சமாளித்தார். “எங்க வீட்டு நாயும் என் வாயை இப்படித்தான் நக்கும். பாசம்.”

“பாசம்தான் சார். ஆனா அதோட பாட்டன் பூட்டன் எல்லாம் ஓநாய்தானே? நீங்க எப்ப கக்குவீங்கன்னு பார்க்குது.”

வீட்டுக்குப் போன பிறகுதான் தான் பேசியது ஓநாயக்காவுக்கு உறைத்தது. “பாம்புப் பக்கம் மாத்திடுவாரோ?” என்றாள் கணவனிடம்.

“மாத்தட்டும். பாம்புங்கதான் பாவம்.”

மூன்றாம் நாள் மேலாளர் தனியாக வந்தார். கையில் உத்தரவு எதுவும் இல்லை. குட்டி ஒன்று அம்மாவின் வாலைக் கடித்து இழுக்க, அது கண்ணைக்கூடத் திறக்காமல் படுத்திருப்பதை வெகுநேரம் பார்த்தார்.

“எவ்வளவு பொறுமைம்மா இதுக்கு!” என்றவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“மூச்சு விடமாட்டேன் சார்.”

சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.