ஊதாமல் போன ரெவாலி

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பர்மாவில் அண்ணன் இறந்துவிட்டான் என்று சர்க்கார் தபால் வந்து ரொம்ப நாளாகியும், மாதா கோயிலில் அவனுக்குப் பூசை வைக்க அம்மா விடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைத்தால் அதுவே அவன் உயிரைக் குடித்துவிடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. சாமியாரே சொல்லிப் பார்த்தார். "யாரு கண்ணால பார்த்தாங்க?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐயோ, மண்ணுக்குள் போனவனுக்கு ஒரு மெழுகுவர்த்திகூடக் கிடையாதா?

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை, ரயிலை விட்டு இறங்கி ஒருவர் வீடு தேடி வந்தார். நகரிப் பக்கத்துக்காரர். அண்ணனுடைய பட்டாளத்தில் பிகிள் ஊதினவர்.

"நான்தாம்மா குழி வெட்டினேன். ஜெபமும் சொன்னாங்க," என்றார்.

அம்மா அசையவில்லை. "அப்புறம்?"

"பட்டாளத்துல காலையில எழுப்பி வுட ஊதுறதுக்கு ரெவாலின்னு பேருங்க. பிரெஞ்சுக்காரங்க பேச்சுல 'எழுந்திருங்க'ன்னு அர்த்தமாம். அங்கேருந்து வெள்ளைக்காரங்க எடுத்துக்கினாங்கன்னு எங்க பேண்டு மாஸ்டர் சொல்வாரு. அடக்கத்துல முதல்ல தூங்கப் போறதுக்கு உண்டானதை ஊதுவோம். கொஞ்சம் சும்மா நிப்போம். அப்புறம் ரெவாலி."

"செத்தவனைப் பார்த்து எழுந்திருன்னு ஊதுவீங்களா? நல்லா இருக்குது உங்க நியாயம்!" என்று வெடித்தேன்.

"கடைசி நாள்ல ஆண்டவர் எழுப்புவாருன்னுதான் தங்கச்சி." அவர் குரல் இறங்கியது. "உங்க அண்ணனுக்கு அதைத்தான் நான் ஊதல. முதல் ஊதல் முடியறப்பவே குண்டு விழ ஆரம்பிச்சுடுச்சு. ஓடிட்டோம். அவனைத் தூங்க வெச்சு அப்படியே வுட்டுட்டு வந்துட்டேன். மனசு கேக்கல, அதான் வந்தேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பொய் சொல்ல வந்தவன் தன் குறையைச் சொல்லி அழமாட்டான் என்று அம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"இப்ப ஊது," என்றாள்.

"பிகிளைப் பட்டாளத்துலயே திருப்பி வாங்கிக்கினாங்கம்மா."

"வாயால ஊதேன்."

முற்றத்தில் விறைப்பாக நின்று, கையை வாயருகே குவித்து ஊதினார். பாதியில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து ஊதினார். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன்.

முடிந்ததும் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். "வாடி, சாமியாரைப் பார்த்துட்டு வரலாம்." வாசல்வரை நன்றாகத்தான் நடந்தாள். அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ள செத்துட்டான்டி," என்று முதல் தடவையாகச் சொல்லி அழுதாள்.