செட்டில் நிற்காத சொற்கள்

உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டியது நீங்கள்தான், தாதா.

வங்காளத்து ஜாதவ்பூரில் மாடியில் நடந்த உங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு ஜனவரியில் பைத்தான் நிரல்மொழி படிக்கச் சேர்ந்தேன். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் உங்களைத் தாதா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வகுப்பில் தமிழ் தெரிந்தது நான் மட்டும். மவுஸ் உருண்டையைத் திருடுகிறார்கள் என்று வகுப்பு முடிந்ததும் நீங்களே பூட்டுவீர்கள். வாசலில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று வங்காள மொழியில் ஒரு குரல் கொடுப்பீர்கள். எட்டிப் பார்க்க மாட்டீர்கள்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒவ்வொரு மாணவரும் சென்டரின் ஒரே சொல் ஃபைலில், வரிக்கு ஒன்றாக, ஐம்பது இங்கிலீஷ் சொற்கள் சேர்க்க வேண்டும். சொல் புதிருக்கு அதுதான் அகராதி. நீங்கள் ஏழு எழுத்து கொடுப்பீர்கள். அதைப் பைத்தானில் ஒரு செட், அதாவது ஒரு தொகுப்பு, ஆக்குவோம். ஃபைலின் சொற்களையும் செட்டில் போட்டு, எந்தெந்தச் சொல்லின் எழுத்துகள் அந்த ஏழுக்குள் அடங்குகின்றன என்று பார்ப்போம். அடங்கியவை திரையில் விழும்.

ரயில், மழை, பூமி என்று இங்கிலீஷில் விழுந்தன. நடுவில், இங்கிலீஷ் எழுத்தில், 'தண்ணி'.

"ஏய் மதராஸி, என்ன குப்பை இது?"

"நான் அடிக்கல, தாதா."

"பின்ன யாரு? இங்க தமிழ் தெரிஞ்சது நீயும் உன் பேயும்தான்."

வகுப்பே சிரித்தது. "ஒரே ஒரு சொல்தானே, அழிச்சிடு" என்றீர்கள்.

ஒன்று என்று சொன்னது செட். ஒரு சொல்லை நூறு தடவை போட்டாலும் செட்டில் ஒன்றுதான் நிற்கும். வரிசையும் நிற்காது. அழிப்பதற்காக நான் ஃபைலையே திறந்தேன். தண்ணி. தண்ணி. தண்ணி. பக்கம் பக்கமாக அதே. மேலே போனேன். சப்தமி. பூட்டு. தாதா. தாதா. மேளம். கேக்கல. இருட்டு. தண்ணி.

அத்தனை வரியிலும் ஒரு தட்டச்சுப் பிழைகூட இல்லை. பின்னால் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. திரும்பினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி.

வகுப்பு முடிந்ததும் ரிஜிஸ்டர் எழுதும் அக்காவிடம், நாங்கள் தீதி என்று கூப்பிடுபவரிடம், கேட்டேன். அவர் முதலில் கதவைப் பார்த்தார்.

"போன பேட்ச்ல ஒரு தமிழ்ப் பொண்ணு. துர்கா பூஜையில சப்தமி அன்னிக்கு லீவுக்குப் பூட்டினப்போ உள்ளே மாட்டிக்கிட்டா. ஜன்னல் எல்லாம் ஏசிக்காக அடைச்சது. கீழே பந்தல்ல மேளம். தட்டினது யாருக்குக் கேக்கும்? அவங்க அப்பா தேடி வந்தாரு. எல்லாரும் அப்பவே போயாச்சுன்னு தாதா சொல்லிட்டாரு."

"திறந்து பாக்கலையா?"

"மறுநாள் காலைல அவங்க அப்பா மறுபடி வந்தப்புறம்தான் திறந்தாரு. கீபோர்டு முன்னாடி உக்காந்து அந்தச் சொல் ஃபைல்ல அடிச்சுக்கிட்டே இருந்தா. கூப்பிட்டோம், திரும்பல. கையைப் பிடிச்சுத் தூக்கினோம், விரல் நிக்கல. அப்புறம் அவங்க அப்பா டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டுக் குடும்பத்தோட போயிட்டாங்க."

ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார். அவள் பெயர் இருந்த பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

நான் ஃபைலை அழிக்கவில்லை. மறுநாள் வந்தபோது நீங்கள் அழித்திருந்தீர்கள்.

இன்று உங்களுக்கு மூன்று கிளைகள். பழைய மாணவர்களை வருடா வருடம் கூப்பிட்டு மேடையில் பேசுகிறீர்கள். அடுத்த முறை அந்த மைக்கில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: சாவி உங்கள் பையில் இருந்தது, பெற்ற அப்பா வாசலில் நின்று கேட்டார். ஏன் திறக்கவில்லை?