பட்டு சொன்ன பர்வா

அந்த மூங்கில் கூடையைப் பட்டு தூக்கிப் போடவில்லை. பூனாவின் சாங்வி பகுதியில் இருந்த தன் வீட்டுச் சமையலறையில், எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்திருந்தாள். மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

போன ஜனவரியில் குடும்பமாகக் கொங்கண் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். கணவரின் தம்பி கிட்டுவின் கார். விடிவதற்குள் எழுந்து புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய் என்று அந்தக் கூடையை நிரப்பியவள் பட்டு. தலையில் பூ வைத்துக்கொண்டு கீழே வந்து பார்த்தால், காருக்குள் கிட்டுவின் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா திடீர்னு நானும் வரேன்னுட்டா மன்னி. ஒரு சீட் இடிக்கறது" என்றாள் கிட்டுவின் மனைவி ப்ரியம்வதா.

எல்லோரும் பட்டுவைப் பார்த்தார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர்களின் பார்வை.

"பரவால்ல" என்றாள் பட்டு.

கூடை போயிற்று. அவள் நின்றாள். மாடியேறிப் புடவை மாற்றுவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. வழியில் மாமியார் இறங்கிய இடைவெளியில் எடுத்தது; அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய சீட்டில் அந்தக் கூடை. அதன் மேல் குறுக்காக சீட் பெல்ட். கீழே கிட்டுவின் மகன் தேஜஸ் எழுதியிருந்தான்: 'பட்டு பெரியம்மா பத்திரமாக வந்துகொண்டிருக்கிறார்.' கிட்டு ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டான். ப்ரியம்வதா கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக அடுக்கினாள். கடைசியாகப் பட்டுவின் கணவர் பத்மநாபனும் ஒன்று போட்டார். கூடைக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு அனுப்பிய சிரிப்பு.

பட்டுவும் ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து பூனாவுக்கு வந்தவள் அவள். பத்மநாபனுக்கு ராணுவ அலுவலகத்தில் வேலை. இந்தியை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர், டாக்டர், கேஸ் சிலிண்டர்காரர், பள்ளிக்கூடம் என்று மராத்தி பேச வேண்டிய இடமெல்லாம் பட்டுவின் தலையில் விழுந்தது. காய்கறி விற்கிறவளிடம் கொத்தமல்லி கேட்கப் போய்த் தொடங்கிய மொழி, சில வருஷங்களில் அவளுக்குள் ஒரு தனி ஆளாகவே வளர்ந்து நின்றது. தமிழில் அவளுக்குச் சண்டை போட வராது. எந்தக் கோபமும் தொண்டைக்கு வருவதற்குள் 'பரவால்ல' ஆகிவிடும். மராத்தியிலோ, அவள் வாயைத் திறந்தால் சாங்வி ஆட்டோக்காரர்கள் மீட்டரைப் போட்டுவிடுவார்கள்.

அவள் மராத்தியைக் கேட்டுவிட்டு ஒரு பாலர் பள்ளியில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து வேலை தேடி கிட்டு வந்து இறங்கினான். "நீ போயிட்டா அவனுக்கு யாரு சமைச்சுப் போடறது?" என்றார் பத்மநாபன். பரவால்ல என்றாள். கிட்டு அவள் கையால் சாப்பிட்டு, வேலை கிடைத்து, ஹிஞ்சேவாடியில் பெரிய ஃபிளாட்டும் வாங்கினான். இத்தனை வருஷத்தில் அவன் கற்ற மராத்தி 'ஹோய்', 'தாயி' இரண்டும்தான். அதாவது 'ஆமாம்', 'அக்கா'.

இந்த ஜனவரிக்கு அவன் புதுத் திட்டத்தோடு வந்தான். "கேம்பர் டிரெய்லர் மன்னி! வாடகைக்குக் கிடைக்கறது. ஜீப்புக்குப் பின்னால மாட்டி இழுத்துண்டு வந்து, பவனா ஏரிக்கரைல நிறுத்திட்டுப் போயிடுவா. உள்ள நாலு பேர் படுக்கலாம். இதைப் பாருங்கோ!"

போனில் படம் ஓடியது. ரெண்டு சக்கரத்தின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பின்கதவை யாரோ மேலே தூக்கியதும் இரட்டை அடுப்பும், தண்ணீர்க் குழாயும், காய் நறுக்க ஒரு மடக்குப் பலகையும் தெரிந்தன.

"கிச்சன்! உங்களுக்காகவே பண்ணினாப்ல இல்ல?"

"போன தடவை புளியோதரை ஆறிப்போச்சு மன்னி" என்றாள் ப்ரியம்வதா. "இப்ப சுடச்சுட தோசையே வார்க்கலாம். சென்னைலேர்ந்து நிர்மலும் அவன் ஆத்துக்காரியும் அவா கார்லயே வரா. என் தம்பிக்கு உங்க தோசைன்னா உயிர்."

"படுக்கறது எப்படி?"

"உள்ள அவா ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர். தேஜஸ் கார்லயே சுருண்டுப்பான். நீங்களும் அண்ணாவும் வெளில டெண்ட்ல. நல்ல காத்தோட்டம்."

ஜனவரி மாசம், ஏரிக்கரை, காற்றோட்டம். பத்மநாபன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"கார்ல எனக்கு சீட் இருக்கா?" என்று கேட்டாள் பட்டு.

"என்ன மன்னி இப்படிக் கேக்கறேள்? நீங்க இல்லாம கிச்சன் எதுக்கு?" என்று சிரித்தான் கிட்டு.

டிரெய்லரின் சொந்தக்காரி வைஜயந்தி ஆகுர்டியில் இருந்தாள். கணவனுக்கு மோட்டார் தொழிற்சாலையில் வேலை. ஜீப் ஓட்டி வண்டியை இழுத்துப்போவது இவள்தான். சனிக்கிழமை காலைக்கு என்று பேசி முடிக்கப் பட்டுவைத்தான் அனுப்பினார்கள். வைஜயந்தி அவளை டிரெய்லருக்குள் ஏற்றி, மெத்தையில் உட்காரவைத்து, டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னல் ஓரமாகக் காலை நீட்டிக்கொண்டு பட்டு அந்த டீயை மெதுவாகக் குடித்தாள். யாரும் எதுவும் கேட்டு எழுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், டியூஷனுக்குப் போயிருந்த தேஜஸைத் தவிர எல்லோரும் சாங்வி வீட்டில் கூடியிருந்தார்கள். பட்டு உள்ளே தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிட்டுவின் போன் அடித்தது. டிரெய்லருக்கு அவன் பேரில்தான் முன்பதிவு. தன் மராத்தியை நிர்மலும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"நமஸ்கார், வைஜயந்தி போல்தேய்."

"ஹோய் ஹோய் தாயி!" என்று கிட்டு நிர்மலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஆளுக்கு மராத்தி வருகிறது என்று வைஜயந்தி நம்பிவிட்டாள். மடமடவென்று பொழிந்தாள். முன்னால் எடுத்துப்போனவர்கள் வண்டியைத் தாமதமாகக் கொண்டுவந்தார்களாம்; அடுப்பெல்லாம் கரியாம்; சாஃப் பண்ண வேண்டுமாம். கடைசியில் கேட்டாள்: "உத்யாச் ஹவீ கா? பர்வா சாலேல்?"

நாளைக்கே வேண்டுமா, நாளன்னிக்கு வந்தால் போதுமா என்று கேள்வி. கிட்டுவின் காதில் விழுந்தது 'சாஃப்' ஒன்றுதான். "வண்டி கொஞ்சம் அழுக்கா இருக்காம், பாவம், சங்கடப்படறா" என்று நிர்மலிடம் விளக்கிவிட்டு, பெருந்தன்மையாகப் போனில் சொன்னான்: "பரவால்ல தாயி, பரவால்ல!"

"பர்வாலா? பரம், பரம்" என்று சரி சொல்லி வைத்துவிட்டாள் அவள்.

சமையலறையில் பட்டு கிரைண்டரை நிறுத்தினாள். மராத்தியில் பர்வா என்றால் நாளை மறுநாள். முந்தாநாளுக்கும் அதே சொல்தான்; எந்தப் பக்கத்து நாள் என்பது சொல்கிறவர் மனசில் இருக்கிறது. அதோடு ஒரு 'லா'வை ஒட்டினால் 'நாளன்னிக்கு வரட்டும்' என்று ஆகிவிடும். கிட்டு தமிழில் சொன்ன பரவால்ல, ஆகுர்டியில் போய் அப்படித்தான் இறங்கியிருக்கிறது.

மாவுக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "கிட்டு, அவ கேட்டது என்னன்னா..."

"நான் பேசி முடிச்சாச்சு மன்னி. எல்லாத்துக்கும் நீங்கதான் வரணுமா என்ன? நீங்க மாவைப் பாருங்கோ."

"அவருக்கும் மராத்தி வரும் மன்னி, பயப்படாதேங்கோ" என்றாள் ப்ரியம்வதா. பத்மநாபன் சிரித்தார். போனில் போட்ட அதே சிரிப்பு. இப்போது நிஜ முகத்தில்.

பட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. வைஜயந்திதான். உங்கள் கொழுந்தன் பர்வாலா என்றார், நாம் பேசியது நாளைக்கு ஆயிற்றே, நாளைக்கே வேண்டுமென்றாலும் எப்படியாவது கழுவிக் கொண்டுவந்துவிடுவேன் என்றாள். "நக்கீ நா, பட்டு தாயி?" நிச்சயம்தானே?

எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் கூடை இருந்தது. கைப்பிடியில் சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் ஒரு மூங்கில் சிம்பு பெயர்ந்திருந்தது. பட்டு அதை விரலால் நெருடினாள்.

"ஹோ" என்றாள். "பர்வாச்."

மராத்தியில் அந்த 'ச்' நம்முடைய 'தான்' மாதிரி. நாளன்னிக்குத்தான். அவ்வளவு உறுதியாக ஒரு சொல்லை அவள் தமிழில் சொன்னதே இல்லை. திரும்பி வந்து கிரைண்டரைப் போட்டாள். மாவு நன்றாகப் பொங்கி அரைபட்டது.

சனிக்கிழமை காலை பெட்டிகளும் டெண்டும் மடக்கு நாற்காலிகளும் வாசலில் குவிந்திருந்தன. நிரம்பிய கூடை பட்டுவின் காலடியில். வெயில் காம்பவுண்டுச் சுவரிலிருந்து இறங்கித் தெருவின் பாதி வரை வந்துவிட்டது. டிரெய்லர் வரவில்லை. பத்மநாபன் கேஸை மூடினோமா, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று மறுபடி மாடியேறினார்.

கிட்டு போனைப் போட்டு இந்தியில் கத்தினான். அந்தப் பக்கமிருந்து மராத்தியில் பதிலுக்குக் கத்தல் வந்தது. "மன்னி, என்னதான் சொல்றா இவ?" என்று ஸ்பீக்கரோடு போனை நீட்டினான்.

வைஜயந்தி சொன்னதெல்லாம் சரிதான். நேற்று இவரே பர்வாலா என்று சொன்னார். அப்புறம் உங்களையும் கேட்டேனே, நீங்களும் 'பர்வாச்' என்றீர்களே தாயி என்றாள்.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த தேஜஸ் தலையைத் தூக்கினான். அவன் பூனாவில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தவன். இதைப் பட்டு யோசிக்கவே இல்லை.

போனை வைத்தாள். "நாளன்னிக்கு வந்தாப் போறுமான்னு நேத்து உன்னைக் கேட்டிருக்கா கிட்டு. அவா பாஷைல பர்வான்னா நாளன்னிக்கு. நீ பரவால்லன்னிருக்கே."

முதலில் சிரித்தது நிர்மல்தான். "அத்திம்பேர்! இத்தனை வருஷமா பூனாவுல என்னதான் பண்ணிண்டிருந்தேள்?" தெருவோரம் குவிந்த மூட்டைகளுக்கு நடுவில் கிட்டு நிற்பதைப் படமெடுத்தான். 'பரவால்ல' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டான். சிரிப்பு மூஞ்சிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும் சத்தம் எல்லோர் பையிலிருந்தும் கேட்டது.

கிட்டுவின் முகம் கறுத்தது. "அவ்வளவுதான் சொன்னாளா? ரொம்ப நேரம் பேசினாப்ல இருந்ததே."

"ஏன், உன் பிள்ளை மராத்தி படிச்சவன்தானே? அவனையே கேளு." பட்டு தேஜஸின் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, பெரியம்மா எதாவது விட்டுட்டேனா?"

தேஜஸ் அவளைப் பார்த்தான். பிறகு அவள் காலடியிலிருந்த கூடையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"இல்ல பெரியம்மா. கரெக்ட்தான்."

லோணாவ்ளாவில் ஓட்டல் பார்க்கலாம் என்று நிர்மல் போன் செய்தான். இரண்டே அறைகள்தான் இருந்தன. அண்ணா வந்தால் தேஜஸோடு சமாளித்துக்கொள்ளலாம் என்றாள் ப்ரியம்வதா. மறுபடியும் எல்லோரும் பட்டுவைப் பார்த்தார்கள். அதே பார்வை.

பட்டு கூடையின் மூடியை இறுக்கினாள். தெருவில் ஒரு பால் வண்டி முழுசாகக் கடந்து போயிற்று.

"மன்னி... பரவால்லதானே?" என்று கிட்டுவே கேட்டுவிட்டான்.

"இல்ல கிட்டு. பரவா இருக்கு."

ப்ரியம்வதா குனிந்து கூடையை எடுக்கப் போனாள். பட்டு கைப்பிடியில் கையை வைத்தாள். "இது டிரெய்லர்ல போறதுக்குன்னு பண்ணினது."

மாடியிலிருந்து இறங்கி வந்த பத்மநாபன் எதையும் விசாரிக்காமல் காரில் ஏறினார். "நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன்டீ. ஆத்தைப் பார்த்துக்கோ." குளிருக்கென்று பட்டு எடுத்துவைத்த அவருடைய மங்கி குல்லா பெட்டி மேலேயே கிடந்தது. அவள் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவித் துடைத்த வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வைஜயந்தியின் ஜீப் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் பட்டு ஏறிக்கொண்டாள். கீழ் வீட்டு பாத்திமாவைப் பின்சீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வாணியம்பாடிக்காரி, கூப்பிட்டதும் காரணம் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொள்கிறவள். பாத்திமாவுக்குப் பக்கத்தில் பட்டு அந்தக் குல்லாவை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் சீட் பெல்ட்டைக் குறுக்காக இழுத்து மாட்டினாள்.

"என்னக்கா இது, தொப்பிக்கு பெல்ட்டு?"

"வழியில விழுந்துடக் கூடாது பாரு."

படமெடுத்தாள். 'இவரும் பத்திரமாக வந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதினாள். அனுப்பினாள். ஒரு சிரிப்பு மூஞ்சியும் வரவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு. கொஞ்ச தூரம் போனபின், இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம் என்றும் இருந்தது.

பவனா ஏரிக்கரையில் டிரெய்லரின் பின்கதவை அவள் தூக்கவே இல்லை. மூன்று பேருமாக உள்ளே மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, கூடையைத் திறந்து புளியோதரை சாப்பிட்டார்கள். நேற்றுக் கலந்தது. ஆறி, ஊறி, உப்பும் புளியும் உள்ளே இறங்கியிருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தாள். பத்மநாபன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். பின்னால் எந்தப் பாத்திரச் சத்தமும் இல்லாத வீடு போனிலேயே தெரிந்தது.

"எங்கடீ போயிட்டே? ஆத்துல சாப்பிட ஒண்ணுமே இல்லயே. கேக்கறேனோல்லியோ, எப்ப வரே?"

ஏரித் தண்ணீர் கருநீலமாகிக்கொண்டிருந்தது.

"பர்வா" என்றாள் பட்டு.

"என்ன பரவால்ல? எப்ப வரேன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேன்" என்று போனை வைத்தாள்.