பத்து சென்டிமீட்டர் கோடு

எங்கள் ஆபீசில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கமா என்று கேட்டால் வாட்ச்மேன்கூட மூன்றாவது மாடியைக் கை காட்டுவார். பதினாறு வருஷமாக எங்கள் மென்பொருள்களுக்கு உபயோகக் குறிப்பு எழுதுகிறாள். ஒரு கமா இடம் மாறினாலும் மல்லுக்கு நிற்பாள். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை, என் பொறுமையைச் சோதிப்பது அவள் வேலை.

வீட்டிலும் அதே கதைதான். எலக்ட்ரீஷியனான கணவரிடம் அவள் கொடுத்தனுப்பும் சீட்டை ஒருநாள் பார்த்தேன். "தக்காளி அரை கிலோ. அமுக்கினால் குழியக் கூடாது. நல்லது இல்லையென்றால் வாங்க வேண்டாம், போன் செய்யவும்." மனுஷன் பாவம், கடையில் நின்றபடியே போன் செய்வாராம்.

போன மாதம், பக்கத்தின் அளவை மாற்றும் மென்பொருளுக்கு ஒரு குறிப்பு கேட்டார்கள். படிக்கப்போவது மனுஷன் இல்லை, ஏஐ ஏஜென்ட். எங்கள் குறிப்பைப் படித்து, வாடிக்கையாளர் தரும் பக்கங்களின் அளவை மாற்றி, அதுவே அனுப்பியும் விடும். இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்றார் மேனேஜர். கமா ஐந்து பக்கம் எழுதி வைத்துவிட்டு, மகளுக்குக் காய்ச்சல் என்று லீவில் போய்விட்டாள். சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கடுப்பில் வெட்டித் தள்ளினேன். அப்படிப் போனதில் ஒரு வரி: "நிஜ அளவில் வரைந்த பக்கத்தைச் சுருக்காதே, சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கேள்." இதைக்கூடவா சொல்லித் தொலைக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

நாலாம் நாள் காலையில் வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல், ஏஜென்ட் முந்தின நாள் அனுப்பிய பக்கம் ஒன்றை அச்செடுத்தாள். எந்த மென்பொருளானாலும் அவளுக்கு அது வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு தைக்கும் பட்டறைக்கு ஓர் ஆஸ்பத்திரி எங்கள் ஏஜென்ட் மூலம் அனுப்பிய பாதத்தின் படம் அது. ஓரத்தில், சரிபார்ப்பதற்காகப் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று. கமா அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒன்பது புள்ளி நாலுதான் வருது."

"பிரிண்டர் கோளாறா இருக்கும்மா."

"அப்ப வேற பிரிண்டர்ல எடு."

எடுத்தேன். அதிலும் ஒன்பது புள்ளி நாலு. ஓரத்தில் இடம் விடுவதற்காக ஏஜென்ட் பாதத்தையே சுருக்கியிருந்தது. நான் வெட்டித் தள்ளிய வரி ஞாபகத்துக்கு வந்தது. உணர்ச்சி செத்த பாதத்தைச் செருப்பு கடித்தால் ஆளுக்குத் தெரியாது, புண்ணானால் லேசில் ஆறாது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: பள்ளிக்கூட பஸ் டிரைவர், வலது பெருவிரல் ஏற்கெனவே எடுக்கப்பட்டது.

பட்டறையில் போனை எடுக்கவே இல்லை. கமா நின்றபடியே திரும்பத் திரும்ப அடித்தாள். ஏழாவது தடவை தைக்கிறவர் எடுத்தார். கமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, நேத்து வந்த கால் அளவு எதையும் வெட்டாதீங்க!"

"வெட்டியாச்சேம்மா. பஸ் டிரைவரோடது தைச்சும் முடிஞ்சுது. இதோ, போட்டு நடந்து பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஐயோ, கழட்டச் சொல்லுங்க! அளவு தப்பு. தப்பு எங்களோடது."

பின்னாலிருந்து டிரைவரின் சிரிப்பு கேட்டது. "எதுக்குக் கழட்டணும்? எனக்கு ஒண்ணும் கடிக்கலையே!"

கமா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி நகரும் சத்தம், பிறகு வார் அவிழும் சத்தம்.

"கழட்டிட்டாரும்மா," என்றார் தைக்கிறவர். "சுண்டுவிரல் ஓரம் நல்லா செவந்திருக்கு. தோல் கிழியல."

கமா போனை வைப்பதற்குள் விஷயம் தெரிந்து மேனேஜர் ஓடி வந்தார். ஏஜென்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "யாரு எழுதின குறிப்பு இது?" என்று கத்தினார்.

"நான்தான் எழுதினேன் சார். சரி பண்ணிடறேன்," என்றாள் கமா.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருஷம் அவளிடம் வாய் ஓயாமல் சண்டை போட்டவன், அன்றைக்கு ஊமை மாதிரி நின்றேன். வெட்கக்கேடு.

அவர் போனதும் குறிப்பின் பழைய பதிப்பைத் திறந்தாள். எந்த வரியை யார் நீக்கினார் என்பது பெயரோடு அதில் இருக்கும். என் பெயர் பளிச்சென்று இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே போடு."

வெட்டிய வரியைத் திரும்ப அடித்தேன். அவள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, முந்தின நாள் அதே பட்டறைக்குப் போன மற்ற ஆறு பேரின் அளவையும் திருத்தி அனுப்ப உட்கார்ந்தாள்.

சாயங்காலம் டிரைவருக்கு நான்தான் போன் செய்தேன். சிவப்பு அடங்கிவிட்டதாம். "அந்தம்மா ஏதோ தப்பா எழுதிட்டாங்களாமே, காலையில போன்ல காதுல விழுந்துச்சு. பாவம், திட்டாதீங்க சார். அவங்கதானே அளந்து பாத்துச் சொன்னாங்க," என்றார்.

"அவங்க சரியாத்தான் எழுதினாங்க. அந்த வரிய வெட்டினது நான்."

நிமிர்ந்து பார்த்தால் மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் போனை வைக்கவில்லை. அவருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.