சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

என் தம்பி பிறந்தபோது நல்ல நிறமாக இருந்தான். மூன்றாவது மாதம் கறுக்கத் தொடங்கினான். பார்க்க வந்தவர்கள் யாரும் பயப்படவில்லை. தாய்மாமன் நிறம் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். பனவடலிசத்திரத்தில் இருந்த மாமாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

சங்கரன்கோவிலுக்குச் சற்று வெளியே எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்தது. வீடும் அதற்குள்ளேயேதான். பூ பெரிதாக வர வேண்டும் என்று அப்பா யூரியாவைக் கை கூசாமல் போடுவார். செடிக்குப் பாய்ச்சுவதும் நாங்கள் குடிப்பதும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஊர்க் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும். அதில் மருந்து வாடை அடிக்கிறது என்று அப்பா அதை மாட்டுக்குக்கூடக் காட்டமாட்டார்.

அம்மாவுக்குப் பால் பற்றவில்லை. டின் பால்மாவு வந்தது. பச்சைத் தண்ணீர் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொதித்தால் போதாது, கஷாயம்போல வற்ற வேண்டும். அம்மா ஓர் ஈர்க்குச்சியைப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி, நனைந்த இடத்தோடு ஒடித்தாள். பிறகு அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி எறிந்தாள்.

"மிச்சக் குச்சி இருக்குல்லா, அந்த ஒசரத்துக்கு வத்தணும். ஏட்டி, அடுப்ப விட்டு அங்கன இங்கன போயிராத" என்றாள்.

காலையில் அம்மா பூப் பறிக்கப் போய்விடுவதால் அந்த வேலை ஒன்பது வயதில் எனக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் யாரும் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. தம்பியை வளர்ப்பதே நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் கறுப்பது மாமாவால் என்று நான் நம்பவில்லை. தண்ணீரில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று முடிவு செய்து, குச்சியைப் பாதியாக்கினேன். அப்புறம் பாதியிலும் பாதி. அவன் கறுக்கக் கறுக்க நான் கூடுதலாகக் காய்ச்சினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகிவிட்டது. நகமும் அப்படியே. காய்ச்சல் இல்லை, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். பால் புட்டியையும் நான் காய்ச்சி வைத்திருந்த தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, வாடகைக் காரில் திருநெல்வேலிக்குப் போனோம். பிழைக்கமாட்டான் என்று அம்மா வழியெல்லாம் அழுதாள்.

பெரிய டாக்டர் அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். அது சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறத்தில் இருந்தது. நீலம் பாய்ந்து கிடந்த பிள்ளைக்கு நீல நிறத்திலேயே ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் உதடு சிவந்து, வீறிட்டு அழ ஆரம்பித்தான். அதன்பிறகுதான் டாக்டர் தண்ணீரைப் பற்றி விசாரித்தார்.

"நம்ம தோட்டத்துக் கெணறு சார். எளநி மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

"தோட்டத்துக்கு உரம் போடுதீங்களா?"

"போடாம பூ எப்படி சார் வரும்?"

"அந்த உரம் நைட்ரேட்டா கெணத்துக்குள்ள எறங்கியிருக்கு. பெரியவங்களுக்கு சட்டுனு தெரியாது. பச்சப்புள்ள ரத்தத்தக் கெடுத்துரும். காய்ச்சினா கிருமிதான் சாகும், இது போவாது. தண்ணி வத்த வத்த இது கூடத்தான் செய்யும்." டாக்டர் எங்கள் தண்ணீரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இத இவ்வளவு சுண்டக் காய்ச்சினது யாரு?"

அவர் பேசியதில் எனக்கு விளங்கியது அந்தக் கடைசிக் கேள்வி மட்டுந்தான். இத்தனை நாள் கழித்து ஒருவராவது கேட்டாரே என்று முன்னே வந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்திப் பின்னால் தள்ளினாள்.

"நாந்தான் சார்" என்றாள்.

யூரியா போட்டவர் அப்பா. ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர்தான் அம்மாவைத் திட்டினார். பிள்ளையைக் கொல்லப் பார்த்தாளாம். அம்மா தம்பியின் நகத்தையே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்தவள் வேலைக்குப் பேர் வாங்கினவளுக்கு நன்றாக வேண்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

எட்டாம் நாள் அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தண்ணி காய்ச்சினது நாந்தானம்மா?"

அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அத யார்ட்டயும் சொல்லாத மக்கா. ஒங்கப்பாட்டகூட" என்றாள்.

எவ்வளவு பொறாமை பிடித்த அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.