செபமாலை இல்லாத பத்து நிமிடம்

சும்மா கிடக்கத் தெரியாத மனிதர்களை வைத்து, சும்மா கிடக்கும் மூளையை ஆராயப் போனேன். என் தலையெழுத்து.

அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் ஆய்வு மாணவி. ஒருவர் எந்த வேலையும் செய்யாமல், கண்ணைத் திறந்தபடி எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருந்தால், மூளையின் எந்தெந்தப் பகுதிகளின் இயக்கம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தெரியும். சேர்ந்து ஏறி இறங்குபவை தமக்குள் தொடர்புள்ளவை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு நோயில்லாத, வயதான பெண்கள் தேவைப்பட்டார்கள். குருநகர்த் தேவாலயத்தில் பூசை முடிய பாதர் ஒரு வார்த்தை சொன்னார். கடல்தொழில் செய்யும் குடும்பங்களின் பெண்கள் ஒரு வான் வண்டி நிறைய வந்து இறங்கினார்கள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியாகப் படுத்தவர் எழும்பி வந்து, "நல்ல இடம் பிள்ளை. செபமாலையிலை பாதி சொல்லி முடிச்சிட்டன்" என்றார்.

"மாலை வெளியிலையெல்லோ இருந்தது?"

"விரலிலை எண்ணினனான்."

வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர்களைக் கேட்டேன். எல்லாரும் அதையேதான் செய்திருந்தார்கள். "அந்த மெசின் சத்தத்துக்குள்ளை வேறை என்னத்தைச் செய்யிறது?" என்று ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இதைக் கேட்ட என் பேராசிரியர் சிரிக்கவில்லை. "செபமும் ஒரு வேலைதான். படத்தைத் திரும்ப எடும். இல்லாட்டி ஆய்வை விடும்" என்றார்.

அடுத்த கிழமை ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "அன்ரி, செபம் வேண்டாம். நினைவு போற போக்கிலை விடுங்கோ." எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர. அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை.

"செபத்தை விட்டால் என்ரை மனுசன் வந்து நிப்பார் பிள்ளை. தனியக் கிடந்தால் எப்பவும் அப்பிடித்தான்."

"அப்ப வேண்டாம் அன்ரி. நீங்கள் வீட்டை போங்கோ." மனதாரத்தான் சொன்னேன்.

"உம்மடை படிப்பு நிண்டுபோமெல்லோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் செபமாலையைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதை வைச்சிரும். பாப்பம்."

உள்ளே கிடக்க ஏலாவிட்டால் அமத்தச் சொல்லி, ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தேன். அமத்தினால் உடனே இயந்திரத்தை நிற்பாட்டுவதென்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். பத்து நிமிடமும் அவர் அமத்தவில்லை. சைவக்காரியான நான், என்ன சொல்வதென்று தெரியாமலே மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது.

வெளியே வந்து செருப்பைப் போட்டார். கேட்கவும் முடியாமல் கேட்காமலிருக்கவும் முடியாமல் பக்கத்தில் நின்றேன்.

"மனுசன் வந்தவர்," என்றார் அவராகவே. "ஒண்டும் கதைக்கேல்லை."

கையை நீட்டினார். மாலையைக் கொடுத்தேன்.

எடுத்த படங்களுக்குள் அவருடையதுதான் ஆகச் சுத்தம். தலை கொஞ்சமும் அசையவில்லை. மற்றவர்களுடையதைப் போலவே அதன் கீழும், 'ஓய்வு நிலை' என்றுதான் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.