கிளிப்பா, கம்பிச்சுருளா

மட்டக்களப்பு நகரில் கலியாணக் கேக் என்றதும் பிலிஸின் பெயர்தான் முதலில் வாயில் வரும். தன் இனத்தாரான பறங்கியர் வீடுகளுக்கு மட்டுமல்ல, தமிழர் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் அவள்தான் கேக் செய்து கொடுப்பாள். கணவன் ஹோரேஸ் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருந்தான். ஒரே மகள் அஷ்லி கலியாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளாகவே பிலிஸுக்கு வலது கண்ணின் பின்பக்கம் குத்திக்கொண்டிருந்தது. பீனிசமாக்கும் என்று ஆவி பிடித்தாள். ஒருநாள் ஐசிங்கில் ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பூ இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்று, கையை எடுத்தால் இரண்டு. கராஜைப் பூட்டிவிட்டு வந்த ஹோரேஸ் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன பிலிஸ், ஒரு கண்ண மூடிக்கொண்டு நிக்கிறாய்? திறவன்."

"திறந்துதான் இரிக்கன்," என்றாள் அவள்.

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. வலது இமை கீழே விழுந்து கிடந்தது. எவ்வளவு முயன்றும் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உடனே இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். அவர் ஊசியால் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அவரே விளக்கினார்.

"மூளைக்குப் போற இரத்தக்குழாயில ஒரு இடம் பலூன் மாதிரி வீங்கியிரிக்கி. அது இமையைத் தூக்கிற நரம்ப அமத்துது. வெடிக்கிறதுக்கு முதல் கொழும்புக்குப் போகோணும்."

பிலிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணக் காட்டத்தானே வந்தன்? இவங்க ஏன் மூளையப் பத்திக் கதைக்கிறாங்க?" என்று ஹோரேஸைக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. கேட்டு முடிப்பதற்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது.

கொழும்பில் குழப்பம் இன்னும் கூடியது. அவளைப் பார்க்க இரண்டு டொக்டர்மார் வந்தார்கள். ஒருவர் மூளைச் சத்திரசிகிச்சை செய்பவர்; சிங்களத்தில் பேசினார். மற்றவர் டொக்டர் றிஸான். இரத்தக்குழாய் வழியாக உள்ளே போய்ச் சிகிச்சை செய்பவர். இரண்டு பேர் சொன்னதையும் தமிழில் விளங்கப்படுத்தியது அவர்தான்.

"ரெண்டு வழி இரிக்கி அம்மா. ஒண்டு, மண்டையோட்டத் திறந்து அந்த வீக்கத்திட கழுத்தில சின்னக் கிளிப் ஒண்டு போடுறது. மற்றது, துடையில இரிக்கிற குழாய்க்குள்ளால மெல்லிய டியூப் ஒண்ட மூளை வரைக்கும் அனுப்பி, பிளாட்டினக் கம்பிய வீக்கத்துக்குள்ள சுருள் சுருளா அடைக்கிறது."

"எது நல்லம், டொக்டர்?"

"கிளிப் போட்டா அனேகமா அதோட அலுவல் முடிஞ்சிரும். ஆனா தலையத் திறக்கோணும், தேற நாளெடுக்கும். கம்பிச்சுருளெண்டா உடம்புக்கு லேசு, கெதியா வீட்ட போகலாம். ஆனா அது சிலநேரம் அமுங்கும், வீக்கம் திரும்பத் திறக்கும். வந்து வந்து படம் எடுத்துப் பாக்கோணும்."

"கம்பிய அடைச்சா அந்தப் பலூன் அங்கயே இரிக்குமே? பொறகு எப்படி இமை எழும்பும்?"

றிஸான் விளக்கினார். "உள்ள ரத்தம் துடிக்கிறது நிண்டா நரம்பும் மெல்ல மெல்லத் தேறும். கிளிப் போட்டா இமை எழும்ப வாய்ப்புக் கொஞ்சம் கூட எண்டு சொல்றாங்க. ரெண்டுக்கும் உத்தரவாதமில்ல. ரெண்டிலயும் ஆபத்து இரிக்கி."

றிஸான் அதையே சிங்களத்தில் சொன்னதும், பக்கத்தில் நின்ற சத்திரசிகிச்சை டொக்டரும் தலையாட்டினார். இரண்டு பேரும் சண்டை பிடித்திருந்தாலாவது ஒருவர் பக்கம் சாயலாம். இவர்களோ அவளுக்கு இரண்டும் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டு, முடிவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். டொக்டர் சொல்வதைச் செய்தே பழகியவளுக்கு இது புதிய தண்டனையாக இருந்தது.

அஷ்லி போனில் வந்தாள். "மம்மா, கம்பிதான் நல்லமாம். நான் வாசிச்சனான்." பிறகு திரும்பவும் எடுத்து, "வெடிச்ச ஆக்களுக்குத்தான் அப்படிச் சொல்லியிரிக்காம். உங்களுக்கு வெடிக்கல்லதானே, எனக்குத் தெரியல்ல மம்மா," என்று அழுதாள்.

"நீங்க சொல்லுங்க ஹோரேஸ்," என்றாள் பிலிஸ்.

"நான் சொல்லி உனக்கு ஏதும் நடந்தா, பொறகு நான் என்னண்டு இரிக்கிற?" ஹோரேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கேக் வேலைக்குக் கண் வேண்டும். கிளிப்பே போடுவோம் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் மட்டக்களப்புப் பக்கத்து உன்னிச்சைக் கிராமத்திலிருந்து வந்த புஸ்பம் இருந்தாள். அவளுக்கு வீக்கம் வெடித்து, தலையைத் திறந்து கிளிப் போட்டிருந்தது. மழித்த தலையில் காதோரம் தையல். சோற்றை ஊட்டிக்கொண்டிருந்த கணவன் வினாயகமூர்த்தியைப் பார்த்து, "இவர் ஆரு?" என்று பிலிஸிடம் கேட்டாள்.

பிலிஸ் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணன், இது ஒப்பரேசனாலயா?"

"வெடிச்சதால எண்டு டொக்டர்மார் சொல்றாங்க, தங்கச்சி. ஒப்பரேசன் செய்யாட்டி ஆளே இல்லையாம். எனக்கென்ன தெரியும்?" அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். "வயலுக்குப் போனவ, இப்படி வந்து படுத்திரிக்கா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

எது நோய் செய்தது, எது கத்தி செய்தது என்று பிலிஸால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் அந்தத் தையலைப் பார்த்த பிறகு தலையைத் திறக்கச் சம்மதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. றிஸான் வந்ததும், "கம்பிய வைங்க டொக்டர்," என்றாள். சொன்ன வாய் மூடுமுன்னே பிழை விட்டுவிட்டேனோ என்று நினைத்தாள்.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. துடையில் ஒரு சின்னப் பிளாஸ்டர் ஒட்டுடன் அவள் ஊருக்கு வந்துவிட்டாள். மாதங்கள் போகப்போக இமை மெல்ல உயர்ந்தது. முழுதாக இல்லை, முக்கால்வாசி. நேரே பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மேலே பார்த்தால்தான் இரண்டானது. கிளிப் போட்டிருந்தால் மிச்சக் கால்வாசியும் வந்திருக்குமோ? வராமலே போயிருக்குமோ? யாரைக் கேட்பது?

மட்டக்களப்புக் கிளினிக்கில் ஒருநாள் புஸ்பத்தைக் கண்டாள். தலைமயிர் வளர்ந்திருந்தது. "என்னகா, கேக்கெல்லாம் செய்றயா?" என்று அவளே வந்து கையைப் பிடித்தாள். வயல் விதைத்த கதை, மருமகளோடு பிடித்த சண்டை எல்லாம் ஒன்றும் தவறாமல் சொன்னாள். பிலிஸுக்கு உண்மையாகவே சந்தோசம். ஆனால் கிளிப் போட்டவள்தானே இப்படித் தேறியிருக்கிறாள் என்று உள்ளே ஏதோ ஒன்று அவளைக் கிள்ளவும் செய்தது.

வருடம் திரும்பியதும் கொழும்பில் மறுபடி படம் எடுத்தார்கள். றிஸான் அதை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"வீக்கத்திட கழுத்துப் பக்கம் சொட்டுப்போல திறந்திரிக்கி அம்மா. இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்ல. அடுத்த வருசமும் பாப்பம்."

வெளியே வந்ததும் ஹோரேஸ் நின்றான். "அப்ப இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"எனக்கும் விளங்கல்ல," என்றாள் பிலிஸ். "பசிக்குது. முதல்ல எங்கயும் சாப்பிடுவம்."

அவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் வீதியைக் கடந்து எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போனார்கள்.